சாக்லேட்டி இலவசப் பதிப்பு: ஐந்து ஊர் வளாகத்துக்கு ஊருக்கொரு ஷேர் ஃபோல்டர்

விண்டோஸுக்கு அப்டேட் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து தானாக வந்துவிடுகிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம்மூர் நேரத்துக்கு ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை, 2003-லிருந்து இதே வழக்கம்தான். செவன்ஸிப்புக்கு யார் அனுப்புவார்கள்? வின்ராருக்கு? லேபில் கிடக்கிற பைத்தானுக்கு, விஎல்சிக்கு, நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு? இதில் சிலது "புது வெர்ஷன் இருக்கிறது" என்று ஒரு பெட்டியைக் காட்டும், பையன் அதை அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அவனிடம் அது இல்லை, மூடிவிட்டுப் போய்விடுவான். செவன்ஸிப்பும் வின்ராரும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடே இல்லாதவை. போட்ட அன்றைக்கு என்ன வெர்ஷனோ அதுதான் கணினியைக் கழிக்கிற வரைக்கும்.

தஞ்சாவூரில் தலைமை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஐந்து ஊரில் கல்லூரிகள் வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட்டில் சிஸ்டம் அட்மின் வேலை எனக்கு. கணினிகள் ஆயிரத்துச் சொச்சம், பாதி லேபில், மீதி அலுவலகம், நூலகம், பரீட்சைப் பிரிவு. இவை அத்தனையிலும் இருக்கும் வெளி மென்பொருட்களைப் புதுப்பிக்க சாக்லேட்டி என்ற கருவியின் இலவசப் பதிப்பைத்தான் ஓட்டுகிறோம். "நல்லா இருக்கா, வாங்கலாமா" என்று வேறு கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள், வாங்க ஒன்றும் இல்லை என்றாலும் கேள்வி நியாயமானது, அதனால் இந்த விமர்சனம்.

இது ஏன் தலைபோகிற விஷயம் என்று நிர்வாகத்துக்கு விளக்க நான் வைத்திருக்கும் உதாரணம் வின்ரார்தான். 2023-இல் வந்த ஓட்டையில், ஆர்க்கைவை (பல ஃபைலைச் சுருக்கிக் கட்டிய ஃபைலை) திறந்து உள்ளே இருக்கும் ஒரு படத்தையோ பிடிஎஃப்பையோ இரண்டு தடவை தட்டினால் படம் திறப்பதற்குப் பதில் அதே பெயரில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும். ஏப்ரலிலிருந்தே திருடர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், திருத்தம் 6.23-இல் ஆகஸ்ட்டில்தான் வந்தது. 2025-இல் இன்னொன்று: ஆர்க்கைவைப் பிரித்தாலே ஃபைல் ஒன்று போய் ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த தடவை லாகின் செய்யும்போது தானாக ஓடும். அதற்குத் திருத்தம் 7.13. எங்கள் அலுவலகங்களில் வேலை கேட்டு வரும் விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், வினாத்தாள் எல்லாமே ஆர்க்கைவாகத்தான் மெயிலில் வந்து விழுகிறது, தட்டித் திறப்பதுதான் அங்கே இருப்பவர்களின் வேலையே. வின்ராரிலோ ஒரு பொத்தானும் "என்னைப் புதுப்பி" என்று கூப்பிடாது.

நிறுவனத்துக்குள் விண்டோஸ் அப்டேட்டை விநியோகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூசஸ் (WSUS) போதாதா என்பார்கள். அது மைக்ரோசாஃப்ட் சரக்குக்கு. வெளியாருடையதை அதற்குள் நுழைக்க வழி உண்டு, சான்றிதழ் உருவாக்கிக் கையெழுத்துப் போட்டு ஏற்றவேண்டும், அந்த வேலைக்கு ஆள் வேண்டும். அதோடு 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டே அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. மென்பொருள் போட்டுப் புதுப்பிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் கட்டளையான விங்கெட் நல்ல பிள்ளை, என் சொந்த லேப்டாப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பயனரின் கணக்கில் ஓடுவதற்காக வார்க்கப்பட்டது, யாரும் லாகின் செய்யாத கணினியில் விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில் ஓட்ட நினைத்தால் சுற்றி வளைக்கவேண்டும். பணம் இருந்தால் நம்ம ஊர்க்காரர்களான ஜோஹோவின் பேட்ச் மேனேஜர் பிளஸ் இருக்கிறது, 25 கணினி வரை இலவசம், சின்னப் பள்ளிக்கூடம் என்றால் இந்த விமர்சனத்தை இங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பார்க்கலாம். ஆயிரம் கணினி என்றால் கணக்கு வேறு.

சாக்லேட்டி 2011-இல் ராப் ரெனால்ட்ஸ் ஆரம்பித்தது. லினக்ஸில் மென்பொருள் போட ஆப்ட் இருக்கிற மாதிரி விண்டோஸுக்கு ஒன்று. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ், அதற்குள் விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட், "இந்த இன்ஸ்டாலரை எடு, கேள்வி கேட்காமல் போடு" என்று. கட்டளை வரியில் சோக்கோ அப்கிரேட் ஆல் என்று அடித்தால் அதற்குத் தெரிந்த எல்லாவற்றையும் புதுப்பிக்கும். "அதற்குத் தெரிந்த" என்ற இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் இடறுகிறார்கள். இலவசப் பதிப்புக்கு, தான் போட்டதை மட்டும்தான் தெரியும். நாலு வருடத்துக்கு முன் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட விஎல்சி அதன் கண்ணிலேயே படாது, கண்ட்ரோல் பேனலில் இருப்பதைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்வது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இறக்கினால், ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு தடவை சாக்லேட்டி வழியாக மேலேயே போட்டு அதன் கணக்கில் ஏற்றவேண்டும். கோடை விடுமுறை முழுக்க அதற்கே போய்விட்டது. குரோம் மாதிரித் தானே புதுப்பித்துக்கொள்கிறவை இன்னொரு தலைவலி, குரோம் ஒரு பக்கம் மேலே போய்க்கொண்டிருக்கும், சாக்லேட்டி அது பழசிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். குரோமுக்கு 2023 ஆகஸ்ட்டிலிருந்து வாரம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது, அதோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் விட்டுவிடுங்கள், அப்டேட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாக்லேட்டியின் பொது ரெப்பாசிட்டரியை, அதாவது பேக்கேஜ் கிடங்கை, நேரடியாக நம்பி ஒரு நிறுவனத்தை ஓட்டாதீர்கள். இதை நான் சொல்லவில்லை, சாக்லேட்டிக்காரர்களே அவர்கள் ஆவணத்தில் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் பேக்கேஜ் பலவற்றில் இன்ஸ்டாலரே இருக்காது, மறுவிநியோக உரிமைச் சிக்கலால் "அந்தக் கம்பெனி தளத்துக்குப் போய் இறக்கிக்கொள்" என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். அறுபது கணினி இருக்கும் லேபில் நூறு எம்பி இன்ஸ்டாலர் ஒன்றை ஆளுக்கு ஒரு தடவை இறக்கினால் ஆறு ஜிபி. நாகப்பட்டினம் வளாகத்து லைனில் அந்த நேரம் ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கம்பெனி அதே முகவரியில் ஃபைலை மாற்றி வைத்துவிட்டால் செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒத்துவராமல் இன்ஸ்டால் நின்றுவிடும், அது நல்லதற்குத்தான், ஆனால் நிற்பது என்னவோ நிற்கிறது.

அதனால் நாமே பேக்கேஜ் கட்டி, இன்ஸ்டாலரையும் உள்ளேயே வைத்து, நம்முடைய ரெப்பாசிட்டரியிலிருந்து கொடுக்கவேண்டும். ரெப்பாசிட்டரி என்றவுடன் பெரிய சர்வர் என்று பயப்படவேண்டாம், விண்டோஸ் ஷேர் ஃபோல்டர் ஒன்று போதும், சாக்லேட்டி அதையே மூலமாக எடுத்துக்கொள்ளும். தஞ்சாவூரில் ஒன்று, மற்ற நாலு ஊரிலும் பழைய டெஸ்க்டாப் ஒவ்வொன்றில் அதன் நகல், ராத்திரி விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி ஓடி மாறியதை மட்டும் கொண்டுபோகும். நெட் வழியாக ஒரு ஊருக்கு ஒரு தடவைதான் ஃபைல் போகிறது, அங்கிருந்து லேபுக்கு உள்ளூர் ஸ்விட்ச் வழியாக. டிரஸ்ட் செயலாளர் "இலவசம்ங்கிறீங்க, அப்புறம் எதுக்குத் தம்பி ஊருக்கு ஒரு மெஷின்?" என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக வாங்கிக்கொடுத்தார்.

இதில் ஒரு சின்ன விஷயம், இங்கேதான் பலர் அரை நாளைத் தொலைப்பார்கள். குறித்த நேரத்தில் தானாக அப்கிரேடை ஓட்டும் ஷெட்யூல்டு டாஸ்க் சிஸ்டம் கணக்கில் ஓடும்போது ஷேர் ஃபோல்டரைத் தட்டுவது எந்த மனிதனும் இல்லை, அந்தக் கணினியின் சொந்தக் கணக்கு. ஆகவே படிக்கும் அனுமதியை டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குக் கொடுக்கவேண்டும். டொமைன் யூசர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, நான் திறந்தால் திறக்கிறதே, டாஸ்க்குக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று முழிப்பார்கள். எழுதும் அனுமதி ஒரே ஒரு கணக்குக்கு, அது என் அன்றாட லாகின் கிடையாது. அந்த ஃபோல்டரில் யார் எதைப் போட்டாலும் ஆயிரம் கணினியும் அதை உச்ச அதிகாரத்தோடு ஓட்டும் என்பதை மறக்கக்கூடாது. 2021 ஜூலையில் கசேயா என்ற நிர்வாகக் கருவிக்குள் புகுந்துதான் ரான்சம்வேர் கும்பல் அதன் வழியாக நிர்வகிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு ஒரே வீச்சில் போனது. பேட்ச் (திருத்தம்) போடும் கருவிதான் திருடனுக்கு முதல் வாசல், இலவசமோ காசோ.

பேக்கேஜ் கட்டுவது கஷ்டமா? பாதி எளிது. எம்எஸ்ஐ வகை இன்ஸ்டாலர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மௌன ஸ்விட்ச், அதாவது கேள்வி கேட்காமல் போடச் சொல்லும் குறிப்பு. இஎக்ஸ்இ என்றால் யார் செய்த இன்ஸ்டாலர் என்று பார்க்கவேண்டும். ஒரு வகைக்கு எஸ் என்ற ஓர் எழுத்து, அதுவும் பெரிய எஸ், சின்ன எஸ் போட்டால் காதிலேயே வாங்காமல் ஜன்னலைத் திறந்து "நெக்ஸ்ட்" அழுத்தச் சொல்லி உட்கார்ந்திருக்கும், சிஸ்டம் கணக்கில் திறந்த ஜன்னல் யார் கண்ணுக்கும் தெரியாது, டாஸ்க் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னோ வகைக்கு வெரி சைலண்ட் என்று முழுசாகச் சொல்லவேண்டும், வெறும் சைலண்ட் என்றால் ஓடும் பட்டையைக் காட்டும். திரும்பி வரும் எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 0 என்றால் சுபம், 3010 என்றால் போட்டாகிவிட்டது ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும், 1618 என்றால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, 1603 என்றால் உட்கார்ந்து லாக் படிக்கவேண்டும். லாக் புரோகிராம் டேட்டாவுக்குள் சாக்லேட்டி ஃபோல்டரில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்துக்கே அரை மார்க் கூடக் கொடுக்கலாம்.

கடுப்பேற்றும் ஒரு குணம்: முதல் தடவை போடும்போது நீங்கள் கொடுத்த விருப்பங்களை, "டெஸ்க்டாப்பில் ஐகான் வேண்டாம்", "எல்லாப் பயனருக்கும் போடு" போன்றவற்றை, அப்கிரேடின்போது அது நினைவில் வைத்துக்கொள்ளாது. நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அணைத்த நிலையில்தான் வருகிறது. முதல் நாளே இயக்கிவிடுங்கள், அல்லது விருப்பங்களைப் பேக்கேஜுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

ஒட்டுமொத்தமாக எல்லாருக்கும் ஒரே நாளில் விடக்கூடாது என்பதற்கு 2024 ஜூலை 19 போதும், பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. எங்களிடம் முறைப்பாசனம்தான், வெண்ணாற்றுக்கு ஒரு முறை, காவிரிக்கு ஒரு முறை என்று திறக்கிற மாதிரி. முதலில் எங்கள் அறையில் இருக்கும் கணினிகள், பிறகு தஞ்சாவூரில் ஒரு லேப், பிறகு மற்ற ஊர் லேப்கள், பிறகு அலுவலகம், கடைசியில் பரீட்சைப் பிரிவு. இந்தப் பிரிவினை எதுவும் இலவசப் பதிப்புக்குள் கிடையாது. குழுவுக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, பேக்கேஜை ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகர்த்துவதுதான் எங்கள் ஏற்பாடு. பரீட்சைப் பிரிவின் ஃபோல்டரில் நவம்பரிலும் ஏப்ரலிலும் எதையும் வைப்பதில்லை.

லேப் கணினிகளில் டீப் ஃப்ரீஸ் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். மாணவர்கள் செய்யும் கூத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது, நீங்கள் போட்ட பேட்சையும் மறுநாள் காலையில் துடைத்துவிட்டு நிற்கும். சாக்லேட்டி ஒவ்வொரு நாளும் "வெற்றி" என்று எழுதும், ஒவ்வொரு நாளும் அதே பழைய வெர்ஷன் இருக்கும். உறைவை விலக்கும் பராமரிப்பு நேரம் ஒன்று வைத்து, அதற்குள் அப்கிரேட் ஓடி முடிந்து, மறுபடி உறையவேண்டும். இதற்கு ராத்திரிதான் தோது என்று எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு ராத்திரி ஒத்துவரவில்லை. நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்ப அதற்குக் கரண்ட் வேண்டும், லேப் அட்டெண்டர் சாயங்காலம் யூபிஎஸ் மெயினையே இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். போகவேண்டாம் என்று சொன்னதற்குத் திருவாரூர் அட்டெண்டர் கேட்டார்: "ஐப்பசியில இடி இடிக்கிறப்ப மெயினை அணைக்காமப் போயி, பொழுது விடிஞ்சு அறுபது பெட்டியும் புகையா நின்னா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா சார்?" இதற்கு என்ன பதில்? கஜா வந்த 2018-இலிருந்து அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மின்சாரத்தைப் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது.

ஆகவே மாதா மாதம் வருவதற்கு இரண்டாவது சனிக்கிழமை, அட்டெண்டர் காலையில் வந்து மெயினைப் போட்டுவிட்டுப் போனால் போதும், கணினி எழுந்தவுடன் டாஸ்க் தானாக ஓடும், எல்லாம் ஒரே நொடியில் ஷேரின் மேல் விழாமல் இருக்க ஆளுக்கு ஒரு தாமதம் போட்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் பிடிக்கும் பெரிய சமாச்சாரங்களுக்கு உள்ளூர் விடுமுறை. நம்ம பக்கம் இது ஒரு வரம்: தஞ்சாவூருக்கு ஐப்பசி சதயம், மயிலாடுதுறைக்குக் கடைமுகம், திருவாரூருக்கு ஆழித்தேர், நாகப்பட்டினத்துக்கு நாகூர் கந்தூரி. ஓர் ஊர் மூடியிருக்கும்போது மற்ற ஊர்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும், நானும் இங்கே உட்கார்ந்து அந்த ஒரு ஊரை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் ஆயிரம் கணினி வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

எதைப் புதுப்பிக்கக்கூடாது என்பதற்கும் கட்டளை இருக்கிறது, சோக்கோ பின். அதை நான் அதிகம் பயன்படுத்துவது ஜாவாவுக்கு. ஆரக்கிள் ஜாவா 8-இன் உரிமம் 2019 ஏப்ரல் வெளியீட்டிலிருந்து மாறிவிட்டது, அதற்கு முந்தைய வெர்ஷனிலிருந்து ஆர்வக்கோளாறில் அப்கிரேட் ஆல் அடித்தால் பாதுகாப்புத் திருத்தத்தோடு சேர்த்து ஒரு கட்டணப் பிரச்சினையையும் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். 2023-இலிருந்து அவர்கள் சந்தா ஊழியர் தலைக்கணக்கில், யார் ஜாவா தொடுகிறார்கள் என்பது கணக்கே இல்லை, கல்லூரி பஸ் டிரைவரும் விடுதிச் சமையற்காரரும் சேர்த்தி. லேபில் இருந்த ஆரக்கிள் ஜாவாவை எல்லாம் எடுத்துவிட்டு டெமுரின் என்ற வேறொரு ஜாவாவைப் போட்டாகிவிட்டது, இலவசம், காலாண்டுக்கு ஒரு முறை திருத்தம் வருகிறது, மாணவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அலுவலகத்தில் மட்டும் பீஸ் வசூல் மென்பொருள் ஒன்று குறிப்பிட்ட ஒரு பழைய ஜாவாவில்தான் ஓடுவேன் என்கிறது. கொடுத்தவர்களைக் கேட்டால் "அப்டேட் பண்ணாதீங்க சார், சப்போர்ட் தரமாட்டோம்" என்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். அந்தக் கணினிகளை இணையம் இல்லாமல் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். எந்த பேட்ச் கருவியும் தீர்க்க முடியாத விவகாரம் இது. தமிழ்த் தட்டச்சுக்கென்று போட்டிருக்கும் சில பழைய மென்பொருள்களும் அப்படித்தான், புதிய வெளியீடே வருவதில்லை, பேட்ச் இருந்தால்தானே போட.

தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் பற்றி ஒரு வார்த்தை. கணக்கு மென்பொருள் பார்க்க வருகிற டீலர், பிரிண்டர் டீலர், யாரைக் கூப்பிட்டாலும் முதலில் அதைப் போடச் சொல்வார்கள், போட்டபிறகு யாரும் எடுப்பதில்லை. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தங்கள் சர்வருக்குள் ஆள் புகுந்ததாக அறிவித்து, கையெழுத்துச் சான்றிதழையே மாற்றிப் புது வெர்ஷனுக்குப் போகச் சொன்னது. எங்கெங்கே இருக்கிறது என்பதே தெரியாத மென்பொருளை எப்படிப் புதுப்பிப்பது? சாக்லேட்டி இதில் உதவாது. ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் நிறுவல் பட்டியலை எடுத்து, கணினிப் பெயரில் ஒரு ஃபைலாக ஷேரில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று நானே எழுதவேண்டியிருந்தது. மொத்த நிலவரத்தையும் ஒரே திரையில் காட்டும் அறிக்கையும் காசுப் பதிப்பில்தான், இலவசத்தில் எக்ஸெல்தான் கதி. நிர்வாகம் அடிக்கடி அறிக்கை கேட்கும் இடமாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு கருவிக்குப் போகலாம், நான் தடுக்கமாட்டேன்.

மார்க் என்று கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பவர்ஷெல் படிக்கத் தெரிந்து, வாரத்தில் அரை நாள் இதற்கென்றே ஒதுக்கக்கூடிய ஒருவர் இருந்தால் நாலு. அப்படி ஒருவர் இல்லாமல், வெண்டர் வந்து போட்டுவிட்டுப் போவார், அப்புறம் தானாக ஓடும் என்று நினைக்கிற இடத்துக்கு ஒன்றுகூடக் கொடுக்கமாட்டேன், ஏனென்றால் மூன்றாவது மாதம் ஃபோல்டரில் இருக்கும் பேக்கேஜ்களே பழசாகிவிடும், ஆயிரம் கணினியும் சமர்த்தாக ஒரே பழைய வெர்ஷனில் நிற்கும்.

செவன்ஸிப், விஎல்சி, லிப்ரெஆஃபீஸ், டெமுரின், நோட்பேட் பிளஸ் பிளஸ் ஐந்துக்கும் நான் எழுதிய பேக்கேஜ் ஸ்கிரிப்ட்களை வேண்டுமென்றால் தருகிறேன், இன்ஸ்டாலரை நீங்களே அந்தந்தத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: ஆட்டோகேட் அப்டேட்டை டீப் ஃப்ரீஸ் நேரத்துக்குள் முடிக்க யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள், எனக்கு அது மட்டும் இன்னும் கையால்தான் நடக்கிறது.